மூட்டைக்கு நாற்பது

நீடாமங்கலத்தில் உரக்கடை மாடி.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
தமிழ் என் வரிசை.
ஒரு பதிவுக்கு முப்பது நொடி.
விடு, நீக்கு, மேலே அனுப்பு:
மூன்றே பொத்தான்.
மேலே யார் என்று
நாலு வருஷமாக எனக்குத் தெரியாது.
கீழே பொட்டாஷ் மூட்டைகள் இருப்பது தெரியும்.

முதலில் இயந்திரம் படிக்கும்.
'நாளைக்கு அறுப்பு, ஆள் வேணும்' என்றால் சிவப்பு.
'புகையானைக் கொல்ல என்ன அடிக்கலாம்', சிவப்பு.
'கதிரறுக்க வந்த மிஷின்காரன் கழுத்தறுக்கிறான்',
அடர்சிவப்பு.
சிரித்துக்கொண்டே விடுவேன்.
அந்தச் சிரிப்பும் முப்பதுக்குள்தான்.

பிறகு ஒருநாள்
ஒரு பெண்ணின் படம், காலேஜ் பெயர்,
அவள் இறங்கும் பஸ் நிறுத்தம்.
'தங்கச்சிக்கு வாழ்த்துகள்,
சீக்கிரம் வழியனுப்பி வைப்போம்.'
ஒரு மாலை, ஒரு அரிவாள், கும்பிடும் கை.
பச்சை என்றது இயந்திரம்.
"அறுவடைத் திருநாள்னு நெனச்சிருக்கும்"
என்றாள் பக்கத்து நாற்காலி மெகராஜ்.
அவள் சிரிக்கவில்லை.
இந்த ஜில்லாவில் வளர்ந்தவர்களுக்கு
அந்த வாழ்த்து புரியும்.
நீக்கினேன்.
எந்த விதிப்படி என்று கேட்டார்கள்.
பொருந்துவதாக ஒன்றும் இல்லாததால்
'விளம்பரத் தொல்லை' என்று போட்டிருந்தேன்.
தரத்தில் இரண்டு புள்ளி போனது.
போகட்டும்.
எல்லாவற்றையும் விடு என்று சொல்கிறவள் இல்லை நான்.

தை கடைசியில் பருவம் தப்பிய மழை.
கொரடாச்சேரிப் பக்கம் ஒரு கொள்முதல் நிலையம்.
தார்ப்பாய் எட்டாத குவியலில்
நெல் வெள்ளையாக முளை விட்டிருந்தது.
ஒருவர் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார்:
"பதினேழுக்கு மேல ஈரம் இருந்தா எடுக்க மாட்டானாம்.
மூட்டைக்கு நாப்பது குடுத்தா
ஈரம் காஞ்சிடுமாம்."
குரல் உடைந்தது.
"இவனுங்களைக் களத்துல போட்டு அடிக்கணும்."

வன்முறை, மனித இலக்கு,
தொண்ணூற்று நாலு சதவீதம் என்றது இயந்திரம்.
பதினெட்டு நொடி மிச்சம்.
களத்தில் அடிப்பது கதிரை.
அடித்தால் மணி உதிரும், பதர் பறக்கும்,
யாரும் சாவதில்லை.
இதை எழுத அங்கே கட்டம் இல்லை.
மேலே அனுப்பலாம்;
வீணாக அனுப்பினால் அதற்கும் ஒரு புள்ளி.
போன வாரம்தான் இரண்டு போயிருந்தது.
நீக்கினேன்.

'உங்கள் பதிவு எங்கள் சமூக நெறிகளை மீறுகிறது'
என்று அவருக்குப் போயிருக்கும்.
எந்தச் சமூகம் என்று யோசித்திருப்பார்.

இடம் எங்களுடையது என்கிறது கம்பெனி.
சரிதான்.
கலியமூர்த்தி கல்யாண மண்டபமும் அப்படித்தான்.
சங்கக் கூட்டம் என்றால் சாவி தர மாட்டார்,
சுவரில் கறை படியுமாம்.
அவர் சுவர்.
அவர் வீட்டு வாசலில் போய்க் கத்தலாம்,
கத்திவிட்டு ஆலமரத்தடியில் கூட்டம் போடலாம்.
இப்போது ஆலமரமும் மண்டபத்துக்குள் வந்துவிட்டது,
டீக்கடை, தாசில்தார், மழை அறிவிப்பு எல்லாமும்.
வாசல் மட்டும் எந்த ஊரில் என்று தெரியவில்லை.

மாசி பிறந்ததும் எங்கள் நெல்.
அறுபத்திரண்டு மூட்டை.
அண்ணன் திருப்பூரில்,
டிராக்டரோடு நான்தான் போனேன்.
அங்கேயும் வரிசை.
தராசுக்காரர் தலை நிமிராமல் "நாப்பது" என்றார்.

அந்த வாக்கியம் வாய்க்குள் வந்துவிட்டது,
முழுசாக, அவர் குரலிலேயே.
பின்னால் யாரோ
போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.
களத்துல என்று உதடு குவிந்தபோது
உள்ளே நொடி ஓடத் தொடங்கியது.

இரண்டாயிரத்து நானூற்று எண்பது.
எண்ணிக் கொடுத்து முடித்தபோது
இன்னும்
பதினோரு நொடி மிச்சமிருந்தது.